காமெரா: அறையா, பெட்டியா?

வாசகர் கேள்வி:
"ரோமில் ஒரு சந்தில் வீட்டு வாசல்தோறும் ‘அஃபிட்டாகாமெரே’ என்று பலகை தொங்குகிறது. கேமரா வாடகைக்கு விடுகிறார்கள் என்று நினைத்தேன். விசாரித்தால் அறை வாடகைக்காம். புகைப்படப் பெட்டியின் பெயரை எதற்காக அறைக்கு வைத்தார்கள்? ஒரு லத்தீன் சொல் தெரிந்தால் பாதி ஐரோப்பாவை ஓட்டிவிடலாம் என்கிறார்களே, அது வெறும் பேச்சா?"

நவம்பர் 3

கேள்வி தலைகீழாக நிற்கிறது. அறைதான் மூத்தது, பெட்டி கடைக்குட்டி. அறைக்கும் மூத்தது ஒன்று உண்டு: கூரை.

கிரேக்கத்தில் ‘கமாரா’ என்றால் வளைந்த மூடி, வளைவுக் கூரை. பாபிலோனின் பணக்காரப் பெண்கள் கோயிலுக்கு வண்டியில் வருவதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் சொல்லும் இடத்தில் இந்தச் சொல் வருகிறது. அவர் சொல்வது நம் கூண்டு வண்டியைத்தான். அந்த வண்டியின் மேலே இருக்கிறதே கூண்டு, அதுதான் கமாரா.

லத்தீன் இதை வாங்கி ‘காமெரா’, ‘காமரா’ என்று இரண்டு விதமாகவும் எழுதியது. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் ஏழாம் நூலில் காமரா போடும் முறையை விளக்குகிறார். வளைந்த மரச்சட்டங்களை மேலே கட்டித் தொங்கவிட வேண்டும். இடித்து நசுக்கிய நாணலை ஸ்பெயின் நாட்டுப் புல்லில் திரித்த கயிற்றால் சட்டங்களோடு கட்ட வேண்டும். அதன்மேல் சாந்து, மணல் பூச்சு, கடைசியில் சுண்ணாம்பு மெருகு. கீழிருந்து அண்ணாந்து பார்ப்பவனுக்குக் கல் வளைவு போலத் தெரியும். உள்ளே நாணல். எத்தனையோ ரோமானிய வீடுகளின் கம்பீரம் இந்த நாணலில்தான் தொங்கியது.

கருங்கடல் கொள்ளையர்களின் படகுக்கும் இதே பெயர். அலை உயர உயரப் பக்கப் பலகைகளைக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் மேலேயும் மூடிவிடுவார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். மூடி இருந்தால் போதும், பெயர் ஒட்டிக்கொண்டது.

பிறகு நடந்தது எல்லா மொழியிலும் நடப்பது. கூரையின் பெயர் கூரைக்குக் கீழே இருக்கும் இடத்துக்கு வந்தது. கூரை தட்டையானபோதும் பெயர் போகவில்லை.

நவம்பர் 4

கிரேக்கர்கள் இன்றும் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ‘கமாரா’ என்று நடு அசையை அழுத்தினால் வளைவு. முதல் அசையை அழுத்திக் ‘காமரா’ என்றால் அறை. முன்னது பழைய கிரேக்கம், பின்னது லத்தீனுக்குப் போய்த் திரும்பி வந்தது. தெசலோனிகி நகரில் பேரரசன் கலேரியஸின் வெற்றி வளைவை ஊர்மக்கள் வெறுமனே ‘கமாரா’ என்றுதான் சொல்கிறார்கள்.

நவம்பர் 9

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒரு லத்தீன் சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டலாமா? ஓட்டலாம், ஓரிடத்தில் கட்டாயம் குப்புற விழுவோம்.

பிரான்சின் லியோனில் நான் சைக்கிளில் திரிந்த காலம். பின்சக்கரம் பஞ்சர். கடைக்காரர் டியூபை உருவிக் காற்றடித்து, தண்ணீர் வாளியில் அங்குலம் அங்குலமாக அமுக்கிப் பார்த்தார். வால்வின் அடியிலிருந்து குமிழி வந்தது. ஒட்டுப்போட முடியாத இடம். "ஷாம்ப்ர் மாற்ற வேண்டும்" என்றார். எனக்குத் தெரிந்த ஷாம்ப்ர் படுக்கையறை ஒன்றுதான். சைக்கிள் பஞ்சரானதற்கு நான் எதற்கு அறையை மாற்ற வேண்டும் என்று விழித்தேன். அவர் புது டியூபை எடுத்து மேசைமேல் போட்டு, வால்வைத் தட்டிக் காட்டி, "ப்ரெஸ்டாவா, ஷ்ராடரா?" என்று வால்வின் வகையைக் கேட்டார்.

பிரெஞ்சில் டியூப் என்பது ‘ஷாம்ப்ர் ஆ ஏர்’, காற்று அறை. ஸ்பானியத்தில் ‘காமரா தெ ஐரெ’, போர்த்துகீசியத்திலும் அதே கதை. யோசித்தால் நியாயம்தான். காற்றைச் சுற்றிலும் அடைத்து வைத்த இடம்.

பிரெஞ்சு ஷாம்ப்ர் எல்லா அறைக்கும் பொருந்தாது, படுக்கும் அறைக்கு மட்டும். வீட்டில் எத்தனை அறை என்று கேட்க ‘பியேஸ்’ என்று வேறு சொல். இத்தாலிய ‘காமெரா’வும் பெரும்பாலும் படுக்கையறை அல்லது விடுதி அறை, பொது அறைக்கு ‘ஸ்தான்சா’. ஜெர்மன் ‘காமர்’ இன்னும் குறுகியது. துடைப்பமும் பழைய பெட்டியும் போடும் சிற்றறை. ஜெர்மனியில் விடுதிக்குப் போய்க் காமர் கேட்டால் ஊழியர் பரிதாபமாகப் பார்ப்பார். ‘சிம்மர்’ என்று கேளுங்கள்.

நவம்பர் 10

ஒரே சொல் ஓரிடத்தில் ‘கா’, ஓரிடத்தில் ‘சே’, ஓரிடத்தில் ‘ஷா’ என்று எப்படித் தொடங்குகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வடக்கு பிரான்சின் பேச்சில் லத்தீன் ‘க’ அகரத்துக்கு முன்னால் நெகிழ்ந்து ‘ச்ச’ ஆயிற்று. நார்மன்கள் வழியாக அந்த நிலையில் இங்கிலாந்துக்குப் போனது ‘சேம்பர்’. பிறகு பிரெஞ்சுக்காரர்கள் அதையும் மென்மையாக்கி ‘ஷ’ ஆக்கினார்கள். ஆங்கிலேயர் வாயில் இருப்பது பழைய பிரெஞ்சு உச்சரிப்பு. ஜெர்மானிய மொழிகள் அதற்கெல்லாம் முன்பே லத்தீனிடம் நேரடியாக வாங்கியதால் ‘க’ அப்படியே நிற்கிறது.

நடுவில் வரும் ‘ப்’? மகரத்துக்கும் ரகரத்துக்கும் இடையில் உயிரெழுத்து விழுந்தால் உதடு பிரியும்போது தானாக வரும் ஒலி. ‘நூமெருஸ்’ பிரெஞ்சில் ‘நோம்ப்ர்’ ஆனதும் இப்படித்தான்.

பிகார்டி போன்ற சில வடக்கு வட்டாரங்கள் ‘க’வை விடவில்லை. பிகார்டியில் சிற்றறை ‘காம்பரெத்’ போன்ற ஒரு வடிவத்தில் இருந்தது. அது டச்சுப் பக்கம் போய்த் திரும்பிப் பாரிசுக்கு வந்து ‘கபரே’ ஆனது என்பது அகராதிக்காரர்களில் பெரும்பாலோர் கருத்து. நடனக் கொட்டகையும் வழக்கறிஞரின் சேம்பரும் பங்காளிகள்.

நவம்பர் 16

கொஞ்ச நாளாக மனத்தில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சொல் ஐரோப்பாவில் பரவியதற்கு வீட்டு அறை காரணமில்லை என்று தோன்றுகிறது. அரசனின் அறைதான் காரணம். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த அறையின் சாவி யாரிடம் என்பது.

இடைக்காலத்தில் அரசன் பணத்தைத் தான் படுக்கும் இடத்தருகே வைத்தான். படுக்கையறையைக் கவனிப்பவன் பெட்டியையும் கவனித்தான். ‘காமெரா’ கருவூலமானது. ஜெர்மன் நகராட்சிகளில் நிதிக்குப் பொறுப்பான அதிகாரியை இன்றும் ‘கெம்மெரர்’ என்கிறார்கள். படுக்கை விரித்தவனின் பட்டம், இப்போது வரவு செலவுத் திட்டம் போடுகிறது.

போப்பாண்டவரின் நிதி அலுவலகம் ‘காமெரா அப்போஸ்தோலிக்கா’. அதன் தலைவர் கமர்லெங்கோ. 2022இல் வந்த சீர்திருத்தத்தில் அலுவலகம் போய்விட்டது, பதவி நிற்கிறது. போப் பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 21 அன்று காலமானபோது உலகுக்கு அறிவித்தவர் கமர்லெங்கோவான கர்தினால் கெவின் ஃபாரெல். இந்தப் பட்டத்தின் வாலைப் பாருங்கள். அந்த ‘லெங்கோ’ லத்தீன் இல்லை, ஜெர்மானிய ‘லிங்’. லத்தீன் சொல் ஜெர்மானியரிடம் போய், ஆளைக் குறிக்கும் விகுதியை ஒட்டிக்கொண்டு, மறுபடி இத்தாலிக்கு வந்து வத்திக்கானில் உட்கார்ந்திருக்கிறது. பிரெஞ்சு ‘ஷாம்பெல்லான்’, ஆங்கிலச் ‘சேம்பர்லின்’ எல்லாம் அதே ஆள்.

அரசனைச் சுற்றிப் பின்கட்டில் கூடிக் காரியம் சாதிக்கும் கும்பலுக்கு ஸ்பானியப் பெயர் ‘கமரில்யா’, சிற்றறை. ஏழாம் ஃபெர்னாந்து அரசனின் ஆட்சியில் பேர்போனது. அங்கிருந்து மற்ற ஐரோப்பிய மொழிகளும் எடுத்துக்கொண்டன. வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் நட்சத்திரம் வரைந்த கூரைக்குக் கீழே கூடியதால் நட்சத்திர அறை எனப்பட்ட மன்றத்தை ஆங்கிலேயர்கள் 1641இல் ஒழித்தார்கள். எல்லாம் மூடிய கதவு.

நவம்பர் 17

மூடிய கதவு என்றதும் ஞாபகம் வருகிறது. ‘இன் கேமரா’ விசாரணை என்றால் நீதிபதியின் அறைக்குள், வெளியார் இல்லாமல் நடக்கும் விசாரணை. பாலியல் வன்முறை வழக்குகளுக்கு நம் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவு இதைத்தான் சொன்னது. ஒரு செய்தி மொழிபெயர்ப்பில் ‘கேமரா முன்னிலையில் விசாரணை’ என்று படித்தேன். யார் கண்ணிலும் படக்கூடாது என்பதற்காக மூடிய கதவை இவர் ஊருக்கே திறந்துவிட்டார். ஆசிரியர் குழுவில் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

நவம்பர் 23

சாவிக் கதை எனக்கே இனிக்கிறது, அதனால்தான் சந்தேகமும் வருகிறது. டச்சுக்காரர்களிடம் அது செல்லாது. ‘காமெர்’ அங்கே சாதாரண அறை. மாணவன் வாடகைக்குத் தேடுவதும் காமெர், சோபா போட்டிருப்பதும் காமெர். ருமேனியாவிலும் ‘கமெரெ’ வெறும் அறைதான். ஆனால் அவர்கள் கிரேக்க, ஸ்லாவிய வழியில் வந்த இன்னொரு வடிவத்தை உக்கிராண அறைக்குத் தனியாக வைத்துக்கொண்டார்கள்.

ஆக, அரசவை செல்வாக்கான இடத்தில் சொல் நிமிர்ந்தது, வியாபாரிகள் ஊரில் தரையில் இறங்கியது என்று எழுதலாமா? அழகாக இருக்கிறது, ஆனால் அதே வியாபாரிகள்தான் நாடாளுமன்றத்தின் இரு அவைகளையும் காமெர் என்கிறார்கள்: இரண்டாம் காமெரில் 150 பேர், முதலாவதில் 75 பேர். 1602இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆறு காமெர்களாகத்தான் பிரிந்திருந்தது: ஆம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ராட்டர்டாம், ஹோர்ன், என்க்ஹவுசன். ஒவ்வோர் ஊரும் தன் கப்பலைத் தானே அனுப்பும், மேலே பதினேழு இயக்குநர்கள். ஒரே சொல் படுக்கையையும் மிளகு வியாபாரத்தையும் சட்டமன்றத்தையும் ஒரே குரலில் சொல்கிறது. அரசன் இல்லாமலே.

சாவிக் கதையை முழுக்கக் கைவிட மாட்டேன். தெற்கிலும் ஜெர்மனியிலும் அது நிற்கும்.

நவம்பர் 30

கொழும்பிலிருந்து ஒருவர் எழுதியது பொன்னான குறிப்பு. மலையகத் தோட்டங்களில் குடும்பங்கள் வாழ்ந்த லயன் வீடுகளை ‘லயக் காம்பரா’ என்பார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி, முன்னால் ஒரு சின்னத் திண்ணை, சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடும்பம். அந்தக் காம்பரா நம் காமெராவேதான். சிங்களத்தில் அறைக்குப் பொதுச்சொல்லே ‘காமரய’. இந்தி ‘கம்ரா’, வங்காளத்தில் ரயில் பெட்டிக்கும் சொல்லும் ‘காம்ரா’, எல்லாம் போர்த்துகீசியக் ‘காமரா’விலிருந்து இறங்கியவை.

இலங்கையில் போர்த்துகீசியரை அடுத்து டச்சுக்காரர்களும் தங்கள் காமெரோடு வந்து 1796 வரை இருந்தார்கள். கடைசியில் வரும் ‘ரா’வைப் பார்த்தால் நான் போர்த்துகீசியர் பக்கம்தான்.

தமிழ்நாட்டில் நடந்தது வேடிக்கை. ஜன்னல் போர்த்துகீசியம், அலமாரி போர்த்துகீசியம், மேசை போர்த்துகீசியம், சாவியும் போர்த்துகீசியம். அறைக்குள் இருக்கிற சாமான் எல்லாம் கப்பலில் வந்திறங்கியது, அறை மட்டும் அறையாகவே இருந்துவிட்டது.

சாவி என்றதும் இன்னொன்று. அது லத்தீன் ‘கிளாவிஸ்’. போப்பைத் தேர்ந்தெடுக்கக் கர்தினால்களைப் பூட்டி வைக்கும் ‘கான்கிளேவ்’ என்ற சொல்லுக்குள் இருப்பதும் அதே சாவி.

டிசம்பர் 2

இனிப் பெட்டிக்கு வரலாம், இல்லாவிட்டால் கேட்டவர் கோபித்துக்கொள்வார்.

இருட்டறையின் சுவரில் சிறு துளை போட்டால் வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். இது நெடுங்காலமாகத் தெரிந்த விஷயம். 1604இல் வானியலாளர் கெப்ளர் தம் ஒளியியல் நூலில் இதற்குக் ‘காமெரா ஒப்ஸ்கூரா’, இருண்ட அறை, என்று பெயர் சொன்னார். அப்போது அது உண்மையிலேயே ஆள் உள்ளே போகும் அறை. 1620இல் லின்ஸ் நகரில் கெப்ளரைப் பார்த்த ஆங்கிலத் தூதர் ஹென்றி வாட்டன், அவரிடம் ஒரு சிறிய கறுப்புக் கூடாரம் இருந்தது என்று எழுதுகிறார். நடுவில் ஒருவர் உட்காரலாம். கூடாரத்தைக் காற்றாலை போலத் திருப்பித் திருப்பி, துளை வழியே காகிதத்தில் விழும் காட்சியைத் துண்டு துண்டாக வரைந்துகொள்ளலாம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கூடாரம் கையில் தூக்கும் பெட்டியாகிவிட்டது. ஆள் வெளியே வந்துவிட்டான். பெயர் மட்டும் உள்ளேயே இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் புகைப்பட முன்னோடிகளான நியெப்சும் தாகேரும் அந்தப் பெட்டிக்குள் ஒளியை உணரும் தகட்டை வைத்தார்கள். ஆங்கிலத்தில் ‘ஒப்ஸ்கூரா’ உதிர்ந்து, அடைமொழி போன வெறும் அறை கருவியின் பெயரானது.

உச்சம் எதுவென்றால், 1806இல் ஆங்கிலேய விஞ்ஞானி வொல்லாஸ்டன் காப்புரிமை வாங்கிய ‘காமெரா லூசிடா’. ஒளியறை என்று பொருள். ஆனால் அது ஒரு கம்பியில் மாட்டிய நான்கு பக்கக் கண்ணாடிப் பட்டகம். அறையும் கிடையாது, பெட்டியும் கிடையாது. இருட்டறைக்கு எதிர்ப்பதமாக இருக்கட்டும் என்று வைத்த பெயர்.

வீட்டில் ஏற்கெனவே காமெரா என்ற அறை இருக்கும் இத்தாலியர்கள் புகைப்படக் கருவியை ‘மாக்கினா ஃபோட்டோகிராஃபிக்கா’ என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் ‘அப்பரேய் ஃபோட்டோ’. ‘கமேரா’ என்று பாரிசில் கேட்டால் படம்பிடிக்கும் சினிமா கேமராவைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். ஸ்பானியர்கள் கவலையே படாமல் மூன்றுக்கும் ‘காமரா’.

டிசம்பர் 8

தோழரைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஸ்பானியப் படைகளில் ஒரே அறையில் தங்கும் கூட்டத்துக்குப் பெயர் ‘கமராதா’. முதலில் கூட்டத்தின் பெயர், பிறகு அதில் ஒருவனின் பெயர். 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக்கும் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது. நம் ஊர் மேடைகளில் ‘காம்ரேட்’ என்று முழங்குகிறோமே, அது உண்மையில் ‘அறைக்கூட்டாளி’.

இத்தாலியில் மட்டும் ஜாக்கிரதை. அங்கே கம்யூனிஸ்டுகள் ஒருவரையொருவர் அழைப்பது ‘கொம்பாஞோ’, ரொட்டியைப் பகிர்ந்துகொள்பவன். ‘கமெராத்தா’ என்று அழைத்துக்கொண்டவர்கள் முசோலினியின் ஆட்கள். தமிழ்நாட்டிலிருந்து போகும் இடதுசாரி ஒருவர் பொலோன்யா கூட்டத்தில் பாசமாகக் ‘கமெராத்தா’ என்று ஆரம்பித்தால் நாற்காலி பறக்கும். ஜெர்மனியிலும் கிட்டத்தட்ட இதே பிளவு. இடதுசாரிகளுக்குக் ‘கெனோஸ’, சிப்பாய்களுக்கும் தீவிர வலதுசாரிகளுக்கும் ‘கமராட்’. ஸ்பெயினில் பலாங்கே என்ற பாசிசக் கட்சிக்காரர்களும் கம்யூனிஸ்டுகளும் உள்நாட்டுப் போரில் எதிரெதிரே நின்றபடி, இரு பக்கமும் ‘கமராதா’ என்றே தங்கள் ஆட்களை அழைத்தார்கள்.

டிசம்பர் 9

ஒரு வாசகர் கேட்டதற்கு: ஆம், ‘கமெரியெரே’ என்றால் இத்தாலியில் உணவுவிடுதியில் பரிமாறுபவர்தான், ஸ்பெயினில் ‘கமரேரோ’. அறைப் பணியாள் மேசைப் பணியாள் ஆனார். அறையை விட்டு வெளியே வந்தது நல்லதுதான், டிப்ஸ் கிடைக்கிறது.

டிசம்பர் 20

ஆக்ஸ்ஃபோர்டில் ராட்கிளிஃப் கேமரா என்ற கட்டடத்தின் முன்னால் நின்று "கேமரா அருங்காட்சியகம் எப்போது திறக்கும்?" என்று கேட்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அது நூலகம். ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்து 1737 முதல் 1749 வரை கட்டியது. வட்டமான கட்டடம், மேலே ஈயத் தகடு போர்த்திய பெரிய குவிமாடம். கேமரா என்ற பெயர் 19ஆம் நூற்றாண்டில் பாட்லியன் நூலகத்தின் வாசிப்பறையானபோதுதான் நிலைத்தது. வைத்தவர்கள் லத்தீன் தெரிந்தவர்கள். வளைந்த கூரையின் கீழே ஓர் அறை என்று சொல்லை அதன் பழைய இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டார்கள். உள்ளே படம் எடுத்தால் முறைப்பார்கள்.

ஜனவரி 5

கிழக்கு ஐரோப்பாவை விட்டுவிட்டீர்களே என்று குறை. சரி.

ஹங்கேரியர்கள் மூன்று முறை வாங்கி மூன்றையும் வைத்திருக்கிறார்கள்: ‘கம்ரா’ ஊறுகாய் ஜாடி வைக்கும் சரக்கறை, ‘கமாரா’ வணிகர் சங்கம், ‘கமெரா’ படமெடுக்கும் கருவி. ரஷ்ய ‘காமெரா’ சிறைக் கொட்டடி, கேமரா இரண்டும். ரயில் நிலையத்தில் பெட்டி ஒப்படைக்கும் இடமும் ‘காமெரா’தான். ஆனால் ரஷ்ய ‘கோம்னதா’ என்ற அறையை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒலி மயக்கும். அது கணப்பு அடுப்பு உள்ள அறையைக் குறித்த ‘காமினாதா’ என்ற வேறு லத்தீன் சொல், போலந்து வழியாக வந்தது.

போலந்துக்காரர்கள் ‘கோமோரா’வைச் சுருக்கிக் ‘கோமூர்கா’ ஆக்கினார்கள். சிற்றறை. உயிரணுவுக்கும் அதுவே பெயர், அலைபேசிக்கும் அதுவே பேச்சுவழக்குப் பெயர். கேமரா உள்ள கோமூர்காவைக் கையில் வைத்திருப்பவர் அறைக்குள் அறை வைத்திருக்கிறார்.

வார்சாவில் வேலை செய்யும் வாசகர் ஒருவர், ‘கோமோர்னிக்’ என்று கையெழுத்திட்ட கடிதம் வந்திருக்கிறது, அரண்மனைப் பட்டம் போலத் தெரிகிறதே என்று மகிழ்ச்சியோடு கேட்டிருக்கிறார். பட்டம்தான். ஒரு காலத்தில் அரசனின் அறையில் பணிசெய்தவர். இப்போது அவர் நீதிமன்ற அமீனா. கடன் பாக்கிக்குச் சம்பளத்தையும் சாமானையும் ஜப்தி செய்ய வருபவர். கடிதத்தை யாரிடமாவது உடனே படிக்கக் கொடுங்கள், கெடு தேதியை முதலில் பாருங்கள்.